கேகாலைக் கச்சேரியின் எழுதுவினைஞர்

மேலான சட்டம் – வரலாற்றுத் தொடர் – பகுதி 9

சென்ற வாரம் கோடாகன்பிள்ளை வழக்கோடு நிறுத்தியிருந்தோம். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு 1952இல் ஒரு ஆசனமும் இல்லை. கேகாலை மாவட்ட வாக்காளர் இடாப்பில் தன் பெயர் இருக்க வேண்டும் என்று வழக்காடிய கோடாகன்பிள்ளை, லண்டன் கோமறைக் கழகம் வரை போய் 1953இல் தோற்றார். யார் தன் குடிமக்கள் என்று தீர்மானிப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான வேலை என்றது தீர்ப்பு.

தோற்ற அந்த வழக்கிலும் ஒரு கதவு சாத்தப்படாமல் இருந்தது. அரசியலமைப்பு தடுத்த ஒன்றைப் பாராளுமன்றம் நேராகச் செய்யாமல் சுற்றிவளைத்துச் செய்தால், அந்தச் சட்டமும் அதிகாரம் கடந்ததாகலாம் என்று நீதிபதிகள் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கதவைத் தட்ட ஒருவர் வந்தார். அவரும் கேகாலையிலிருந்துதான் வந்தார். கச்சேரியில் வேலை பார்த்த எழுதுவினைஞர். பெயர் கோடீஸ்வரன்.

● ● ●

கிணற்றுப் பங்கு

கதைக்குள் போகுமுன் 29ஆம் பிரிவை இன்னொரு முறை பார்த்துவிடுவோம். இந்தத் தொடரின் முதுகெலும்பு அதுதான்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். எல்லைகளை எழுதி, பரப்பு எழுதி, கடைசியில் பங்குக் கிணறு, வழி வாய்க்கால் என்று வரும். காணி உனக்குத்தான். வீடு கட்டு, வாழை வை, விற்றுவிடு. ஆனால் பக்கத்துக் காணிக்காரன் தண்ணீர் அள்ள வரும் பாதையை அடைக்க உனக்கு உரித்தில்லை. அடைத்தால், அந்த வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் அது சட்டத்தின் கண்ணில் வேலியே இல்லை.

1946ஆம் ஆண்டின் சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டது. முதலாம் உட்பிரிவு, நாட்டின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் நல்லாட்சிக்குமாகச் சட்டம் செய்யும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொடுத்தது. இரண்டாம் உட்பிரிவு அதன் மேல் விழுந்த கிணற்றுப் பங்கு: மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத ஒரு தடையை ஒரு சமூகத்தார் மேல் சுமத்தும் சட்டம் கூடாது. மற்றவருக்குக் கொடுக்காத சலுகையை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் கொடுக்கும் சட்டமும் கூடாது. மூன்றாம் உட்பிரிவு, அப்படிச் செய்யப்படும் சட்டம் அந்த அளவுக்கு வலிதற்றது என்றது. நான்காவது, அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் சபையின் மொத்த உறுப்பினரில் மூன்றிலிரண்டு பங்கினரின் வாக்கும் சபாநாயகரின் சான்றும் வேண்டும் என்றது.

சோல்பரி அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளுக்கென்று தனி அத்தியாயம் இல்லை. ஐம்பதுக்கு ஐம்பது பிரதிநிதித்துவம் கேட்டுக் கிடைக்காத சிறுபான்மையினர் கையில் எஞ்சியது இந்தச் சில வரிகள் மட்டுமே.

அரசியலமைப்பு ஆட்சி என்பதன் கரு இங்கே இருக்கிறது. பிரித்தானியாவில் பாராளுமன்றத்துக்கு மேல் ஒரு சட்டமில்லை. இலங்கையில் இருந்தது. பாராளுமன்றமே அந்த மேலான சட்டத்தால் பிறந்தது, அதனால் அதற்குள் அடங்கி நடக்க வேண்டியது. அடங்காமல் போனால் யார் சொல்வது? நீதிமன்றம் சொல்ல வேண்டும். ஆனால் நீதிமன்றம் தானாக வாய் திறப்பதில்லை. யாராவது போய்க் கேட்க வேண்டும்.

● ● ●

கேட்க ஆளில்லாத ஆறு ஆண்டுகள்

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் மிகச் சிறியது. சிங்களமே இலங்கையின் ஒரே அரசகரும மொழி என்பதுதான் அதன் முழுச் சாரமும். அரசியலமைப்பைத் திருத்தும் சட்டமாக, சபாநாயகரின் சான்றோடு அது வரவில்லை. மற்றச் சட்டங்களைப் போல, சாதாரணப் பெரும்பான்மையால் வந்தது.

அப்படியானால் 29ஆம் பிரிவு?

அந்தக் கேள்வியை மேடைகளில் கேட்டார்கள். 1956 ஜூன் 5ஆம் தேதி காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்து அடி வாங்கினார்கள். 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் உடன்படிக்கை செய்தார்கள், அது கிழிந்தது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது, நெடுங்காலம் ஒழுங்குவிதிகள் இல்லாமல் கிடந்தது. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் மக்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள், அவசரகாலச் சட்டம் வந்து எழுப்பிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் அந்தச் சட்டம் வலிதானதா என்று நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பும் இல்லை. காரணம் சோம்பலல்ல. நீதிமன்றம் ஆகாயத்தில் தொங்கும் கேள்விக்கு விடை சொல்லாது. இன்ன சட்டத்தால் இன்ன மனிதருக்கு இன்ன நட்டம் என்று காட்ட வேண்டும். ஒரு சமூகத்தின் மனக்காயத்தை வழக்கேட்டில் பதிய முடியாது. ஒரு மனிதரின் குறைந்த சம்பளத்தைப் பதியலாம்.

அந்தச் சம்பளத்தைத் திறைசேரியே குறைத்துக் கொடுத்தது.

● ● ●

சுற்றுநிருபம் 560

1961 டிசம்பர் 4ஆம் தேதி திறைசேரியிலிருந்து 560ஆம் இலக்கச் சுற்றுநிருபம் புறப்பட்டது. அரச ஊழியர்கள் அரசகரும மொழியில் குறித்த தேர்ச்சி பெற வேண்டும், பெறாவிட்டால் ஆண்டுச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும்.

இது புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு மட்டும் போட்ட நிபந்தனையாக இருந்திருந்தால் வாதம் வேறு மாதிரிப் போயிருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் கோப்பு நகர்த்தி, பத்துப் பதினைந்து வருடம் ஊழியம் செய்துவிட்டவர்களையும் அது பிடித்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்க் கிளாக்கர்மாரின் வீடுகளில் அந்த நாட்களில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சிலர் இரவில் சிங்களம் படித்தார்கள். சிலர் ஓய்வூதியத்தோடு விலகினார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காசைக் கணக்குப் பார்த்துப் பரீட்சைக்குப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

செ. கோடீஸ்வரன் 1952 நவம்பர் 1ஆம் தேதி பொது எழுதுவினைஞர் சேவையில் சேர்ந்தவர். 1959 அக்டோபரில் பதவி உயர்ந்தவர். கேகாலைக் கச்சேரியில் இருந்தார். அவர் அந்தத் தேர்வுக்குத் தோற்றவில்லை.

1962 ஏப்ரல் 1ஆம் தேதி அவருக்கு ஏற்றம் கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

ஒரு எழுதுவினைஞரின் ஆண்டு ஏற்றம் பெரிய தொகையல்ல. ஆனால் ஆறு ஆண்டுகளாக யாருக்கும் கிடைக்காத ஒன்று அந்தத் தொகையில் இருந்தது: எண்ணிக் காட்டக்கூடிய நட்டம். தமிழ் ஊழியர்கள் அமைத்துக்கொண்ட அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் அவருக்குப் பின்னால் நின்றது. கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் சட்டமா அதிபரை எதிராளியாக்கி வழக்குப் பதிவானது. சுற்றுநிருபம் தன்னைக் கட்டுப்படுத்தாது, ஏற்றம் தனக்கு உரியது என்று நீதிமன்றம் பிரகடனம் செய்ய வேண்டும். அவர் கேட்டது அவ்வளவே.

அந்தச் சிறிய கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் சுற்றுநிருபத்தின் வேரைத் தோண்ட வேண்டும். வேர் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. அந்தச் சட்டத்தின் வேர் 29ஆம் பிரிவில் போய் முட்டியது.

● ● ●

புதுக்கடை, 1964 ஏப்ரல்

எங்கள் ஒருகொடவத்தைச் சந்தியில் நின்றால் இந்த வழக்கின் இரண்டு முனைகளுக்கும் வழி தெரியும். ஒரு பக்கம் அவிசாவளை வீதி. அதில் போய், கரவனல்லையில் திரும்பி, மலை ஏறினால் கேகாலை. மறுபக்கம் கிராண்ட்பாஸ் வழியாக நகரத்துக்குள் போனால் புதுக்கடை நீதிமன்றங்கள்.

புதுக்கடைக்கு ஹல்ஸ்டோர்ப் என்றும் பெயர். 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க முற்றுகையிட்டபோது இறந்த ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் நினைவாக வந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஒல்லாந்தர் விட்டுப்போன சட்டம் இந்தக் கதைக்குள் பிறகு வரும்.

கோடீஸ்வரனுக்காக வாதாடியவர் இராணி வழக்கறிஞர் சி. ரங்கநாதன். வழக்கைக் கேட்டவர் மாவட்ட நீதிபதி ஓ.எல். டி கிறெட்சர்.

அவர் தப்பிப்போக வழிகள் இருந்தன. மொழி வேறு, சமூகம் வேறு, 29ஆம் பிரிவு சமூகத்தைப் பற்றித்தான் பேசுகிறது என்று சொல்லியிருக்கலாம். குடியுரிமை வழக்கில் சொன்னதைப் போல, இதுவும் ஒரு சட்டமன்றத்தின் இயல்பான வேலை என்றிருக்கலாம். மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஏதாவது ஒரு நடைமுறைக் குறையில் வழக்கைத் தள்ளியிருக்கலாம்.

டி கிறெட்சர் கேள்விக்கு நேராக விடை சொன்னார். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது. ஆகவே அதன் மேல் நிற்கும் சுற்றுநிருபமும் நிற்காது. எழுதுவினைஞருக்கு அவருடைய ஏற்றம் உண்டு.

ஒரு மாவட்ட நீதிபதி. அவருக்கு மேல் உயர் நீதிமன்றம், அதற்கும் மேல் லண்டன். நாட்டையே இரண்டாக்கிய சட்டம் சட்டமே அல்ல என்று அந்த இடத்திலிருந்து எழுதினார். இலங்கை நீதித்துறையின் வரலாற்றில் இந்தத் தீர்ப்புக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

அரசு மேன்முறையீடு செய்தது.

● ● ●

லண்டனிலிருந்து ஒரு வரி

அதே நாட்களில், கொழும்புக்கு வெகுதூரத்தில் இன்னொரு இலங்கை வழக்கின் தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் மொழிக்கும் தொடர்பில்லை. இலஞ்சக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட ரணசிங்க என்பவர், தன்னை விசாரித்த இலஞ்ச நியாயசபையின் நியமனமே செல்லாது என்று வாதாடிய வழக்கு அது. நீதி அதிகாரம் உள்ளவர்களை நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பு. பாராளுமன்றம் அந்த வழியை மீறி ஒரு சட்டம் செய்திருந்தது. சபாநாயகரின் சான்று அதில் இல்லை.

1964 மே 5ஆம் தேதி கோமறைக் கழகம் ரணசிங்கவின் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் செய்யும் அதிகாரத்தைக் கொடுத்த கருவி நிபந்தனை போட்டிருந்தால், அந்த நிபந்தனையைப் பாராளுமன்றம் மிதித்துக்கொண்டு போக முடியாது.

அதோடு போகிற போக்கில் 29ஆம் பிரிவைப் பற்றியும் ஒரு கருத்து விழுந்தது. அதன் இரண்டாம் உட்பிரிவிலுள்ள பாதுகாப்புகள் இலங்கைக் குடிமக்கள் தமக்குள் செய்துகொண்ட உரிமைச் சமநிலை, அந்த அடிப்படை நிபந்தனையின் மேல்தான் அவர்கள் இந்த அரசியலமைப்பையே ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே அவற்றை அந்த அரசியலமைப்பின் கீழ் மாற்ற இயலாது என்ற பொருளில்.

மாற்ற இயலாது. மூன்றிலிரண்டு இருந்தாலுமா? சட்டத்தரணிகள் இன்றுவரை இதில் முரண்படுகிறார்கள். வழக்கின் முடிவுக்கு அந்தக் கருத்து தேவைப்படவில்லை, ஆகவே கட்டுப்படுத்தாது என்பது ஒரு தரப்பு. ஆனால் அன்றைய அரசியல்வாதிகளின் காதில் அந்தச் சொல் ஆழமாக விழுந்தது. வாசகர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

● ● ●

நீ யார் கேட்பதற்கு?

மேன்முறையீடு கேட்கப்படும்போது 1967 ஆகிவிட்டது. ஆட்சியும் மாறியிருந்தது. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சி பங்காளி. மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர். அந்த அரசாங்கத்தின் சட்டமா அதிபர்தான் கோடீஸ்வரனுக்கு எதிரே நின்றார்.

பிரதம நீதியரசர் எச்.என்.ஜி. பெர்னாண்டோ ஆகஸ்ட் மாதத்தில் தீர்ப்பைக் கொடுத்தார். 29ஆம் பிரிவு பற்றிய தீர்மானம் அதில் இல்லை.

நீதிமன்றம் வேறொரு வாசலில் கோடீஸ்வரனை நிறுத்தியது. அரச ஊழியர் முடிக்குரியவரின் விருப்பம் உள்ளவரை பதவி வகிப்பவர். அவருக்கும் முடிக்கும் இடையே வழக்காடக்கூடிய சம்பள ஒப்பந்தம் இல்லை. ஆகவே சம்பளம் கேட்டு அரசின் மேல் வழக்குப் போட அவருக்கு உரித்தே இல்லை. வழக்கே இல்லையென்றால் மொழிச் சட்டம் சரியா பிழையா என்று ஆராய வேண்டியதும் இல்லை.

சட்டம் வலிதா என்று கேட்கப் போனவருக்கு, அதைக் கேட்க உனக்கு அருகதை இல்லை என்று விடை வந்தது.

இந்த இடத்தில் சொந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொடர்மாடியில் இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தோடு வந்து, "தம்பி, இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்கா பாருங்கோ" என்றார். தனிச் சிங்களம். பதினான்கு நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டுமென்று எழுதியிருந்தது. பன்னிரண்டு நாள் போயிருந்தது. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. யாரிடம் போய்க் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் உடனே சொல்லத் தெரியவில்லை. எழுதிய உரிமை ஒன்று, அதைக் கேட்க ஒரு வாசல் இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது பெட்டிக்குள் கிடக்கும் உறுதிதான். 1967 ஆகஸ்ட் தீர்ப்பைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அக்காவின் முகம்தான் வருகிறது.

● ● ●

ஒல்லாந்தர் விட்டுப்போன சாவி

வழக்கு லண்டனுக்குப் போனது. 1969 டிசம்பர் 11ஆம் தேதி டிப்லொக் பிரபு கோமறைக் கழகத்தின் தீர்ப்பை அளித்தார்.

இங்கிலாந்தில் முடி பற்றி என்ன வழக்கம் இருந்தாலும், இலங்கையின் பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம் என்பதிலிருந்து தீர்ப்பு தொடங்கியது. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் ஆங்கிலேயரே அதைத் தொடர விட்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தில் அரசுக்கு எதிராக அதன் சொந்த நீதிமன்றத்திலேயே வழக்காட முடிந்தது. அரச ஊழியர்கள் சம்பளம் கேட்டு வழக்காடுவதை 19ஆம் நூற்றாண்டிலேயே இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றிருந்தன. விருப்பம்போல வேலையிலிருந்து நீக்கலாம் என்பது, செய்துமுடித்த வேலைக்குச் சம்பளம் கொடுக்காமல் விடலாம் என்பதாகாது.

கோடீஸ்வரனுக்குக் கேட்க உரித்துண்டு. ஹுல்ஃப்டின் ஆட்கள் விட்டுப்போன சட்டம், முந்நூறு வருடத்துக்குப் பிறகு ஒரு தமிழ் எழுதுவினைஞருக்கு வாசலைத் திறந்தது.

அப்படியானால் பெரிய கேள்வி? மொழிச் சட்டம் வலிதா?

அதை லண்டன் தொடவில்லை. இவ்வளவு முக்கியமான ஒன்றை இலங்கை உயர் நீதிமன்றம் என்ன நினைக்கிறது என்று அறியாமல் தீர்மானிப்பது முறையல்ல என்று கருதி, வழக்கைப் புதுக்கடைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அந்த நீதிபதிகளின் தயக்கத்தில் மரியாதை இருந்தது. ஆனால் அவர்களிடம் இருந்த காலம் கொழும்பில் இருக்கவில்லை.

● ● ●

இரண்டு கட்டடங்கள்

இனி நடைமுறை உரித்து, அருகதை, ஒப்பந்தம் என்று ஒதுங்க இடமில்லை. உயர் நீதிமன்றத்தின் முன் ஒரேயொரு கேள்வி மிஞ்சியிருந்தது. ஆம் அல்லது இல்லை.

1970 மே 27ஆம் தேதி பொதுத் தேர்தல். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி, தேர்ந்தெடுக்கப்பட்ட 151 ஆசனங்களில் 116ஐ வென்றது. மூன்றிலிரண்டையும் தாண்டிய பலம். விரும்பியபடி அரசியலமைப்பைத் திருத்தப் பாராளுமன்றத்துக்குள்ளேயே அவர்களால் முடிந்திருக்கும்.

ஆனால் லண்டனின் அந்தச் சொல் வழியில் கிடந்தது. மாற்ற இயலாது. பாராளுமன்றத்துக்குள் எத்தனை கைகள் உயர்ந்தாலும், 29ஆம் பிரிவை நீக்கியது செல்லாது என்று நாளைக்கு ஒரு நீதிமன்றம் சொல்லிவிடலாம்.

ஆகவே 1970 ஜூலை 19ஆம் தேதி உறுப்பினர்கள் காலிமுகத்திலிருந்த பாராளுமன்றக் கட்டடத்தில் கூடவில்லை. றோயல் கல்லூரியின் நவரங்கஹல மண்டபத்தில் கூடினார்கள். அதே மனிதர்கள்தாம். ஆனால் அன்று அவர்களுடைய பெயர் பாராளுமன்றமல்ல, அரசியலமைப்புப் பேரவை. சோல்பரியின் சட்டம் கொடுத்த அதிகாரத்தால் கூடவில்லை, மக்கள் தேர்தலில் கொடுத்த ஆணையால் கூடுகிறோம் என்றார்கள். புதிய அரசியலமைப்பை வரையும் பொறுப்பு அரசியலமைப்பு விவகார அமைச்சர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவுக்கு. 1956இல், ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று அதே பாராளுமன்றத்தில் எச்சரித்த கொல்வின்.

புதுக்கடையில் ஒரு கோப்பு விசாரணைத் திகதிக்காகக் காத்துக் கிடந்தது. நவரங்கஹலவில் ஒரு பேனா புதிய தாளில் எழுதத் தொடங்கியிருந்தது. கோப்பு திறக்கப்படுமுன் தாள் நிரம்பிவிட்டால், 29ஆம் பிரிவே இல்லாத ஒரு நாட்டில், அந்தப் பிரிவை வைத்துக் கேட்ட கேள்விக்கு யார் விடை சொல்வார்?

(தொடரும்)